ஆயரா, ஆலோசகரா, கோச்சா? பெரிய முடிவுக்கு முன் யாரிடம் போவது

சபைகளில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வேலையை விட்டு ஊழியத்துக்கு வரலாமா, துபாய் வேலையை ஏற்கலாமா, வந்திருக்கும் வரனுக்குச் சரி சொல்லலாமா என்று தவிக்கும் ஒருவர், “ஆயரிடம் பேசட்டுமா, இல்லை கிறிஸ்தவ லைஃப் கோச் ஒருவர் ஜூமில் செஷன் எடுக்கிறாராம், பணம் கட்டிச் சேரட்டுமா?” என்று கேட்கிறார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நம் ஊர்களில் இப்படிக் கேட்க ஆளில்லை. ஆயர் இருந்தார், பெரியவர்கள் இருந்தார்கள், உபவாச ஜெபம் இருந்தது. இப்போது அதே தெருவில் ஆயர், ஆன்மிக வழிகாட்டி, ஆலோசகர், கோச் என்று நாலு கதவு திறந்திருக்கிறது. எதைத் தட்டுவது என்பதே தனியாக யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

சபை சார்ந்த ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனம் ஓரளவு திடமாக இருந்து, எந்தப் பக்கம் போவது என்று மட்டும் தெரியாமல் நிற்பவருக்குக் கோச்சிங், அதாவது கேள்விகள் கேட்டு நம் முடிவை நாமே எடுக்க வைக்கிற முறை, நல்ல உதவி. மனம் உடைந்திருப்பவருக்கு அது உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும். இன்னொன்று: “உங்களைக் குறித்த தேவசித்தம் எனக்குத் தெரியும்” என்று ஒரு கோச் சொன்னால், அவரிடம் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

பொதுவாகப் பேசினால் எல்லாமே சரி போலத்தான் தெரியும். அதனால் ஓர் ஆளை மனதில் வைத்துப் பார்ப்போம். பாளையங்கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 43. கணவருக்குக் கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. வீட்டுக்கடன் பாதிகூட அடையவில்லை. டீச்சர் பல வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறார், கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடல் சொல்லித் தருகிறார். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு விட்டபோது எழுந்து நின்றார். அன்றிலிருந்து வேலையை ராஜினாமா செய்வதா வேண்டாமா என்று இரவு தூக்கமில்லை. இந்த டீச்சர் யாரிடம் போக வேண்டும்?

ஆயர்

பலரும் முதலில் போகிற இடம் இதுதான், அதற்குக் காரணமும் உண்டு. ஆயருக்குக் குடும்பத்தைத் தெரியும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவராக இருப்பார், மாமனார் அடக்கத்தில் பிரசங்கித்தவராக இருப்பார். காசு கேட்க மாட்டார். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், “வாங்க டீச்சர், அம்மா காபி போடு” என்ற குரலிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடும். வேதத்தைத் திறந்து, கூட முழங்காலில் நின்று ஜெபிக்கிற ஒருவரைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. கோச்சிங் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மதிப்பைக் குறைத்துப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் நம் டீச்சர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்மாவட்டங்களில் உதவி பெறும் பள்ளிகள் பல திருச்சபையினுடையவை. சேகர குருவானவரே, அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் ஆயரே, பள்ளி நிர்வாகத்திலும் பொறுப்பில் இருப்பது சகஜம். அப்படியானால் டீச்சர் தன் ராஜினாமாவைப் பற்றி மனம் திறந்து பேசப்போவது, ஒரு வகையில் தன் முதலாளியிடம். தனிச் சபைகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பாஸ்டருக்குப் பாடகர் வேண்டும், ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் வேண்டும், புதிதாகத் தொடங்கிய கிளைச் சபைக்குப் பொறுப்பாளர் வேண்டும். டீச்சர் வேலையை விட்டால் பாஸ்டருக்கு லாபம். அவர் உத்தமராகவே இருக்கட்டும், தீர்ப்பு சொல்கிறவருக்கே அதில் ஒரு பங்கு இருக்கிறது என்பது மாறாது.

அப்புறம் நேரம். ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும். கல்யாணம், அடக்கம், கமிட்டி, நிலத் தகராறு, அசன விழா எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே விஷயத்தைப் பற்றி ஒருவரிடம் மாதக்கணக்கில் தொடர்ந்து பேச அவருக்கு ஏது நேரம்? கால் மணி நேரம் கேட்டுவிட்டு, “ஜெபம் பண்ணுங்கம்மா, கர்த்தர் நடத்துவார்” என்று சொல்லி அனுப்புவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் டீச்சர் வீடு திரும்பும்போது கேள்வி அப்படியே இருக்கும்.

ரகசியம் வெளியே போவதும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. “டீச்சருக்காக ஜெபிச்சுக்கோங்க, வேலையை விடுற யோசனையில இருக்காங்க” என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர் ஜெபக்குறிப்பாகச் சொல்வார். அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஆன்மிக வழிகாட்டி

சீர்திருத்த சபைக்காரர்கள் இந்தக் கதவை அதிகம் கவனிப்பதில்லை. கத்தோலிக்கருக்குத் தெரியும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தொகுத்த ஆன்மிகப் பயிற்சிகளுக்கு 1548-ல் போப்பாண்டவர் ஒப்புதல் கிடைத்தது. முழுமையாகச் செய்தால் 30 நாள் தியானம். வேலையிலும் குடும்பத்திலும் இருப்பவர்கள் தினம் கொஞ்ச நேரம் ஒதுக்கி, மாதக்கணக்கில் செய்யவும் அதிலேயே வழி சொல்லியிருக்கிறது. முடிவெடுக்கும் தருணத்தில் இருப்பவருக்கென்றே அமைந்த பயிற்சி இது.

அதில் இரண்டு விஷயம் என்னைக் கவர்ந்தவை. தியானம் செய்பவரை ஏழ்மை வாழ்வுக்கோ துறவுக்கோ வேறு எதற்குமோ வழிகாட்டி தூண்டக் கூடாது. தராசின் முள் போல நடுவில் நின்று, படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்பது முதலாவது. இன்று கோச்சிங் வகுப்புகளில் முதல் பாடமாகச் சொல்லித் தருவது இதைத்தான். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை விதியாக எழுதி வைத்துவிட்டார். இரண்டாவது, மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாட்களில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது. ராஜினாமாக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கிய சாயங்காலம் வருகிற அழைப்பை உடனே நம்பிவிடக் கூடாது.

அதே பயிற்சியில் இன்னும் நடைமுறையான வழிகளும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் நீ என்ன சொல்வாய்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய்? இந்த இரண்டையும் புதிதாகக் கண்டுபிடித்தது போல விற்கிற கோச்சுகள் இருக்கிறார்கள்.

இந்த வழியின் குறை, முறையாகப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் குறைவு என்பது. இயேசு சபையின் தியான இல்லங்களிலோ, சில அருட்சகோதரிகளின் சபைகளிலோ தேடிப் பார்க்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண் அங்கே போனால் உறவுக்காரர் புருவம் உயர்த்துவார்கள். இன்னொன்று, அங்கே எதுவும் மெதுவாகத்தான் நடக்கும். பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரலுக்குள் முடிவு வேண்டும் என்றால் ஒத்துவராது.

ஆலோசகர், மருத்துவர்

இந்தக் கதவைப் பற்றிச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டும்.

டீச்சருக்குத் தூக்கமில்லை என்றேன். அது யோசனையால் வந்த தூக்கமின்மையா, நோயா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருக்கிறது, பிடித்தது எதிலும் ருசி இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு விடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நிலையில் “வேலையை விட்டுவிடு” என்று உள்ளே கேட்கிற குரலை ஊழிய அழைப்பு என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அதை “லட்சியம்” என்று எழுதி வைத்துக்கொண்டு, இலக்கு, காலக்கெடு என்று கோச் ஓட்டினால் அது இன்னும் பெரிய ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. விசுவாசிக்கு மருந்து தேவையில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணில் கேட்க ஆள் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்பதற்கென்று தொலைபேசிச் சேவையை 1953-ல் லண்டனில் தொடங்கிய சாட் வரா ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். பிரசங்கம் பண்ணாமல் காது கொடுத்துக் கேட்பதும் ஊழியம்தான் என்று அவர் காட்டினார்.

நோய் இல்லை, ஆனால் காயம் இருக்கிறது என்றால் ஆலோசகர். அம்மா இறந்த துக்கம் ஆறவில்லை, பள்ளியில் பட்ட அவமானம் மறக்கவில்லை, கணவரோடு பல வருஷமாகப் பேச்சு குறைவு. இப்படி ஏதாவது அடியில் இருந்தால் ராஜினாமா என்பது தப்பித்து ஓடுவதாக இருக்கலாம். ஆலோசகர் பின்னால் திரும்பிப் பார்க்க வைப்பார். கோச் முன்னால் பார்க்க வைப்பார். புண்ணோடு ஓடச் சொல்வது யாருக்கும் நல்லதல்ல.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992-ல் வந்த சட்டம் அது. ஆலோசகர்கள் விஷயத்தில் இந்த அளவு ஒழுங்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கிறிஸ்தவ ஆலோசகர் என்று பலகை மாட்டியிருப்பவர் முதுகலைப் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம், வார இறுதி வகுப்பு முடித்தவராகவும் இருக்கலாம். என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கோச்

கோச்சிங்கின் வேர் தேடினால் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறது. 1970-களில் அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் டிமத்தி கால்வே, ஆட்டக்காரருக்கு அதைச் செய் இதைச் செய் என்று சொல்வதைவிட அவர் கவனத்தைத் திருப்பும் கேள்விகள் கேட்டால் ஆட்டம் தானே சீராகிறது என்று கண்டார். அதை நிறுவனங்களுக்குள் கொண்டு போனவர்களில் பிரிட்டனின் ஜான் விட்மோர் முக்கியமானவர். இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு படி வரிசை இன்றும் பெரும்பாலான கோச்சுகளின் கையில் இருக்கிறது. 1995-ல் தாமஸ் லெனார்ட் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு இதை ஒரு தொழிலாக வரையறுத்தது. அதே பத்தாண்டிலும் அடுத்ததிலும் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் ஜெபத்தையும் வேதத்தையும் சேர்த்து இதைத் தங்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள். அங்கிருந்துதான் நம் பக்கம் வந்தது.

நல்ல கோச் ஒருவரிடம் டீச்சர் போனால் பேச்சு எப்படி இருக்கும்? கற்பனை செய்து பார்க்கலாம்.

“நமக்கு ஒரு மணி நேரம் இருக்கு சிஸ்டர். முடியும்போது என்ன தெளிவானால் உங்களுக்குப் பிரயோஜனம்?”

“வேலையை விடணுமா வேண்டாமான்னு தெரியணும்.”

“இன்னைக்கே தெரியணுமா?”

“இல்ல பிரதர். ஏப்ரலுக்குள்ள தெரிஞ்சா போதும். ஜூன்ல புது வகுப்பு எடுத்துட்டா பிள்ளைகளை நடுவுல விட்டுட்டுப் போக மனசு வராது.”

“ஊழியத்துக்கு வந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு திங்கட்கிழமை காலையில என்ன செய்துட்டு இருப்பீங்க?”

இங்கே டீச்சர் வெகுநேரம் பேசாமல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். திங்கட்கிழமையை யோசித்ததே இல்லை. கோச் அந்த மௌனத்தை நிரப்பக் கூடாது. பிறகு மெதுவாக, “கிராமத்துப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பேன். கணக்கும் சொல்லிக் கொடுத்து, வேத வசனமும் சொல்லிக் கொடுப்பேன்” என்று வரும். அது டீச்சர் வாயிலிருந்தே வந்த பதில். ஆயர் சொல்லியிருந்தால் இந்த அளவு ஒட்டாது.

அடுத்த கேள்வியில்தான் கோச்சின் தரம் தெரியும். “அதுக்கு வேலையை விட்டுத்தான் ஆகணுமா சிஸ்டர்?” என்று கேட்டால், அது கேள்வி வடிவத்தில் வந்த அறிவுரை. விடாதே என்று அவர் முடிவு செய்துவிட்டார். “இதுல எதையெல்லாம் வேலையில இருந்துக்கிட்டே செஞ்சு பார்க்கலாம், எது முடியாது?” என்று கேட்டால் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. கேட்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, நான் முடிவெடுத்தேனா, என்னை முடிவெடுக்க வைத்தார்களா என்று யோசித்தால் தெரியும்.

செஷன் முடியும்போது செய்ய வேண்டிய வேலைகள் கையில் இருக்கும். வங்கியில் கடன் நிலுவை எவ்வளவு என்று கேட்டு வருவது, கணவரோடு ஒரு சாயங்காலம் இதை மட்டும் பேசுவது, சில வருஷத்துக்கு முன் வேலையை விட்டு ஊழியத்துக்குப் போன ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது என்று கேட்பது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசு கேட்டதை நாம் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். கோச் அதைத் தேதி போட்டுச் செய்ய வைக்கிறார். என்னைக் கேட்டால் கோச்சிங்கின் மிகப் பெரிய பலம் இதுதான்.

வேதத்துக்கும் இது அந்நியமில்லை. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம் சுகமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்கிறார். கண்தெரியாத பர்திமேயுவிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அவருக்கா பதில் தெரியாது? மனுஷன் தன் விருப்பத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். மனுஷ இருதயத்தில் உள்ள யோசனை ஆழமான தண்ணீர், புத்திமான் அதை மொண்டெடுப்பான் என்று நீதிமொழிகள் 20-ம் அதிகாரம் சொல்கிறது. ஒரு கோச்சின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியாது.

கோச்சிங்கில் எங்கே இடறுகிறது

முதல் இடறல் நம் பழக்கம். நம்மிடம் வருகிறவர் கேள்வியை எதிர்பார்த்து வருவதில்லை, பதிலை எதிர்பார்த்து வருகிறார். “நீங்களே சொல்லுங்க பிரதர், நீங்க ஜெபிக்கிற ஆளு” என்பார். மூன்று முறை இப்படிக் கேட்டால் எந்தக் கோச்சுக்கும் மனம் இளகும். கிறிஸ்தவக் கோச்சுக்கு இன்னும் கஷ்டம். அவருக்கு வேதம் தெரியும், ஜெபத்தில் ஏதோ உணர்த்தப்பட்டதாகவும் தோன்றும், சொல்லாமல் இருப்பது தவறோ என்ற உறுத்தலும் வரும். அங்கே வழுக்கினால் கோச் தீர்க்கதரிசி ஆகிவிடுகிறார். பணம் வாங்கிக்கொண்டு தீர்க்கதரிசனம் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊர்க் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இலக்கு யாருடையது? சாதாரணக் கோச்சிங்கில் வருகிறவரின் இலக்கே ராஜா. பதவி உயர்வு வேண்டும் என்றால் அதற்கு வழி தேடுவார்கள், அந்த ஆசை சரியா என்று கேட்பது கோச்சின் வேலை இல்லை. சிலுவையைச் சுமந்துகொண்டு என் பின்னே வா என்ற இயேசுவின் அழைப்பைக் கேட்டவர்களுக்கு அது போதாது. ஆசையையே தேவ சமுகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஐந்து வருஷத்தில் வீடு, கார், பெரிய மேடை என்று எழுத வைத்து, அடியில் ஒரு வாக்குத்தத்த வசனத்தை ஒட்டிவிட்டால் அது கிறிஸ்தவக் கோச்சிங் ஆகாது. விசுவாசித்தால் பணமும் வசதியும் வரும் என்கிற செழிப்பு உபதேசம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் கடனில் இருக்கும் இளைஞர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

அடுத்தது தகுதி. கோச் என்று சொல்லிக்கொள்ள இந்தியாவில் எந்தச் சட்டமும் பதிவு கேட்பதில்லை. ஐ.சி.எஃப். தரும் சான்றிதழில் மூன்று படி உண்டு. ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், பி.சி.சி.க்கு 125 மணியும் 500 மணியும், எம்.சி.சி.க்கு 200 மணியும் 2,500 மணியும் வேண்டும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். விளம்பரத்தில் எல்லோருமே “சர்வதேசச் சான்று பெற்றவர்” தான். இந்தச் சான்றிதழ் வேத அறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. வேதாகமக் கல்லூரிப் பட்டம் கோச்சிங் திறமையைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

காசு விஷயத்தில் சபைக்குள் பெரிய சங்கடம் இருக்கிறது. இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்ற வசனத்தைச் சிலர் காட்டுவார்கள். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார் என்பார்கள். அதே பவுல்தான் சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டு என்றும் எழுதினார். என் எண்ணம், நேரத்துக்கும் திறமைக்கும் கட்டணம் வாங்குவதில் தப்பில்லை. தொகையை முன்கூட்டியே சொல்லாமல், “உங்க மனசுல உணர்த்தப்பட்டதைக் கொடுங்க” என்று காணிக்கை மொழியில் கேட்பதுதான் தப்பு. கட்டணம் கட்டணமாக இருக்கட்டும், காணிக்கை காணிக்கையாக இருக்கட்டும். பன்னிரண்டு செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டாலும் யோசிக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை அங்கே கொட்டிவிட்டவர், சரிப்படவில்லை என்று தெரிந்தாலும் எழுந்து வர மாட்டார்.

ரகசியம் பற்றி ஒரு முக்கியமான செய்தி. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கோச்சிடம் சொன்னதற்கு அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதோடு, குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாவது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி அதைப் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் தண்டனை உண்டு. “இங்க பேசுறது எதுவுமே வெளிய போகாது” என்று ஒரு கோச் சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று அர்த்தம். எது வெளியே போகாது, எது போகும் என்று முதல் நாளே சொல்பவர்தான் நம்பத் தகுந்தவர்.

கடைசியாக, வீடு. கோச்சிங் தனி மனிதரின் முடிவை மையமாக வைத்துப் பிறந்தது. நம் டீச்சரின் முடிவோ கணவர், மாமியார், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது. “உங்களுக்கு என்ன வேணும்?” என்ற கேள்வியை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கு விடுதலையாகவும் இருக்கும், வீட்டில் புயலையும் கிளப்பும். இரண்டுக்கும் கோச் தயாராக இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் அடி உதை நடக்கிறது என்று தெரிந்தால் அது கோச்சிங்குக்கு உரிய விஷயமே அல்ல. பெண்கள் உதவி எண் 181, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று அவருக்குப் பாதுகாப்பு தேட வேண்டும். “பொறுத்துக்கம்மா, ஜெபத்தால மாற்றலாம்” என்று சொல்லி அனுப்புகிற தவற்றை ஆயர்களும் செய்திருக்கிறார்கள், கோச்சுகளும் செய்யக்கூடும்.

டீச்சருக்கு நான் சொல்வது

தூக்கமின்மைக்கு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அவர் நோய் ஒன்றும் இல்லை என்று சொன்னால், பள்ளி நிர்வாகத்தில் பங்கில்லாத ஒரு மூத்த ஆயரிடம், பக்கத்துச் சேகரத்தவராகவோ ஓய்வு பெற்றவராகவோ பார்த்து, கூட ஜெபிக்கக் கேளுங்கள். தீர்ப்பு கேட்க வேண்டாம். அதன் பிறகு கோச்சிடம் போங்கள், நாலைந்து செஷன் போதும். டீச்சரின் கேள்வி கோச்சிங்குக்கு ஏற்ற கேள்வி என்றே நினைக்கிறேன். அவரிடம் ஆசை இருக்கிறது, திறமை இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும்தான் தெளிவாக இல்லை.

கேள்வி மாறினால் வரிசையும் மாறும். குருத்துவத்துக்கோ துறவுக்கோ போகிற யோசனை என்றால் ஆன்மிக வழிகாட்டி முதலில், கோச் தேவையே இல்லை. வேலை இழந்து மூன்று மாதமாக வீட்டில் முடங்கிக் கிடப்பவருக்கு ஆலோசகர் முதலில். வரன் விஷயத்தில் ஆயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அவருக்கு இரண்டு குடும்பமும் வேண்டும், சில இடங்களில் ஜாதிக் கணக்கும் அந்தப் பேச்சில் மெதுவாக நுழைந்துவிடும். வெளியே இருக்கிற கோச் அங்கே உதவுவார். புதிதாகப் பொறுப்பேற்ற இளம் ஆயர்களுக்குக் கோச் மிகவும் தேவை என்றும் சொல்வேன். நாள் முழுக்க ஜனங்களை விசாரித்து மோசே களைத்துப்போனபோது ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு அதிபதிகளை வை என்று மாமனார் எத்திரோ சொன்னாரே, அப்படி வெளியிலிருந்து வந்து பார்த்துச் சொல்ல நம் ஆயர்களுக்கு யாரும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் கோச்சிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரப் பயிற்சி, யாரிடம் பெற்றீர்கள்? உங்களை யார் கண்காணிக்கிறார்கள், நீங்கள் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறீர்கள்? என் பிரச்சினை உங்கள் எல்லைக்கு வெளியே என்று தெரிந்தால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு மருத்துவரின் பெயரோ ஆலோசகரின் பெயரோ உடனே சொல்ல முடியாதவரிடம் போக வேண்டாம். என் சபைக்காரர், என் மேலதிகாரி, என் சொந்தக்காரர் என்று வேறு உறவு இருந்தால் அவர் எவ்வளவு நல்ல கோச்சாக இருந்தாலும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு இரண்டாவது செஷன் முடிவில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார்கள்? கோச் அதிகம் பேசியிருந்தால், நீங்கள் பணம் கொடுத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது செஷனுக்குப் போக வேண்டாம், மீதிப் பணத்தைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.